தவில் அடித்தால் வரும் சத்தம்

அத்தியாயம் 11

புது டிவி வீட்டுக்கு வந்து ஒன்பது நாள். வந்த மறுநாளிலிருந்து அதுக்குள்ளே ஏதோ சலசலக்கிறது.

திருப்பதியில் இருக்கிற என் மகன் சுரேஷ்பாபு அனுப்பியது. நான் கேட்கவில்லை. கேட்காமல் யாராவது ஒரு பொருளைக் குடுத்தால் அதைக் கவுத்துப் போட்டு அடியைப் பார்க்கிற ஆள் நான். இதையும் பார்த்தேன். அட்டைப்பெட்டி வாயில் காக்கி டேப் ஒட்டியிருந்தது. "சீல் ஒடைக்காத பெட்டி நைனா. கடையிலேருந்து நேரா ஒனக்குத்தான்" என்று போனில் சொன்னான். சரி என்று விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

வேங்கடாசலம் யாரையும் நம்பமாட்டான் என்று எங்க ஊரில் எனக்குப் பேர். பாதிதான் நிஜம். நகரிக்கு மேற்கே ரெண்டு ஏக்கர் கயினி, ஒரு மோட்டார், ஒரு பெண்டாட்டி. இந்த மூணையும் நம்பித்தான் எழுபத்திரண்டு வயசு வரைக்கும் வந்திருக்கிறேன்.

அப்புறம் நான் குடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது. சுரேஷ்பாபுக்குப் பெண் பிறந்த அன்றைக்கே, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "இவ நம்ம பத்மா பையனுக்குத்தான்" என்று சொன்னேன். பத்மா என் மகள் பத்மாவதி. நகரியில் குடுத்திருக்கிறேன். அத்தை மகனுக்கு மாமன் மகள், எங்களில் இதுதான் முறை. அந்தப் பெண் ஹரிதாவுக்கு இப்போ இருபத்துநாலு. பத்மா பையன் ஹேமநாத்துக்கு இருபத்தெட்டு. இந்த ஆனியில் பூ வைக்கிறது என்று போன வாரம் பத்மாவோடு பேசி முடித்தேன். நாள் குறிக்க இன்றைக்கு பத்மா வருகிறாள்.

அவள் வருவதற்குள் டிவிக்கு ஒரு முடிவு கட்டணும் என்று காலையிலேயே உட்கார்ந்தேன்.

அதுக்கு முன்னால் ஒரு வேலை. என் பெண்டாட்டி கமலம்மாவைப் பாயில் படுக்க வைத்து, ரெண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு மருந்து விட்டேன். போன மாசம் திருப்பதி கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து காலையும் சாயங்காலமும் இது என் வேலை. என் கை நடுங்கும். இருந்தாலும் சொட்டு கீழே போகாது.

"அசையாதமே."

"சில்லுன்னு கீதுய்யா."

"சில்லுன்னு இருந்தாத்தான் மருந்து."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், நான் டிவி பக்கம் போவதைப் பார்த்ததும், "பல்லி பூந்திருக்கும். வுடுய்யா" என்றாள்.

"பல்லி தவிலுக்குத் தாளம் போடுமா?"

அதுதான் விசயம். நியூஸ் படிக்கிற பெண் பேசினால் சத்தம் இல்லை. சீரியலில் நாலு பேர் கூடி அழுதாலும் இல்லை. கோயில் சேனலில் தவில் அடித்தால் மட்டும் உள்ளே சல் சல் என்று, முறத்தில் எதையோ புடைக்கிற மாதிரி ஒரு சத்தம்.

முப்பது வருசம் மோட்டார் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு தூங்கியவன் நான். பேரிங் போனால் ஒரு சத்தம், கரண்டு குறைந்தால் ஒரு சத்தம், கல் மாட்டினால் ஒரு சத்தம். எல்லாத்துக்கும் வித்தியாசம் தெரியும்.

முதலில் சவுண்டை அடியோடு குறைத்தேன். படம் ஓடியது, சலசலப்பு நின்றது. அப்போ கரண்டுப் பிரச்சினை இல்லை. ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டு வேறே பிளக்கில் போட்டேன். தவில் வந்தது, சத்தமும் வந்தது. டிஷ் ஒயரைப் பிடுங்கினேன். சுரேஷ்பாபு பழைய பாட்டெல்லாம் ஏற்றிக் குடுத்த பென் டிரைவைச் சொருகினேன். மேளம் வந்தது, சத்தமும் வந்தது. அப்போ டிஷ்ஷிலும் கோளாறு இல்லை.

கடைசியாக டிவியை அணைத்து, ரெண்டு கையாலும் தூக்கி இடது பக்கம் சாய்த்தேன். சல்... என்று ஏதோ ஓடியது. வலது பக்கம் சாய்த்தேன். திரும்பவும் ஓடியது.

கரண்டு சத்தம் சாயாது. பொருள்தான் சாயும். உள்ளே ஏதோ விழுந்து கிடக்கிறது.

சுரேஷ்பாபுக்குப் போன் போட்டேன்.

"நைனா, தெறக்காத. வாரன்ட்டி போயிடும்."

"பில்லு அனுப்பு. கம்பெனி ஆளை நானே வரச் சொல்றேன்."

"பில்லு... பிரேமலதா எங்கியோ வெச்சிக்கீறா. தேடி அனுப்பறேன்."

"எட்டு நாளா தேடறீங்க. வீடு அவ்ளோ பெருசாடா?"

"நானே ஞாயித்துக்கெழமை வரேன் நைனா. நீ மட்டும் தெறக்காத. அம்மாகிட்ட குடு போனை."

குடுத்தேன். அவள் போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். எனக்குக் காது நல்லாக் கேட்கும். "நான் பாத்துக்கறேன் சாமி" என்று அவள் சொன்னது மட்டும் கேட்டது. எதைப் பார்த்துக்கொள்கிறாள்?

புத்தூரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிற கேசவனை நேற்றே வரச்சொல்லியிருந்தேன். அவளுக்குச் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு வாசலில் அவன் வண்டிச் சத்தம் கேட்டது.

"தாத்தா உன்னாரா? தாத்தா இருக்காரா ஆயம்மா?"

"இல்லப்பா, கயினிக்குப் போயிட்டாரு. இன்னொரு நாளைக்கி வா."

நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஐம்பது வருசமாக இவளோடு குடித்தனம். எனக்காக நூறு பொய் சொல்லியிருப்பாள். என்னையே இல்லை என்று சொன்னது இன்றைக்குத்தான்.

"கேசவா, உள்ள வா" என்றேன்.

கமலம்மா வாசற்படியை விட்டு நகர்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கேசவன் கட்டிலில் போர்வையை மடித்துப் போட்டு டிவியைக் கவுத்து வைத்தான். அவன் பேச்சில் தமிழ் ஒரு கால், தெலுங்கு ஒரு கால். வேலையில் கெட்டிக்காரன்.

"கொத்த டிவி அன்னீங்களே தாத்தா. புதுசுன்னு."

"புதுசுதான். பெட்டியோட வந்துது."

"செவுத்துல மாட்டியிருந்தீங்களா?"

"இல்லியே. வந்ததுலேருந்து ஸ்டாண்டுலதான் கீது."

அவன் பின்பக்கம் இருந்த நாலு திருகு ஓட்டையைக் காட்டினான். சுத்தி வெள்ளையாகக் கீறல். ஒரு மூலையில் இளம்பச்சைச் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்தது.

"இது ஒரு தடவை செவுத்துல ஏறி எறங்கியிருக்கு தாத்தா."

எங்க வீட்டுச் சுவருக்கு வெறும் சிமெண்ட் பூச்சு. திருப்பதியில் சுரேஷ்பாபு வீட்டு ஹால்தான் இளம்பச்சை.

சீல் உடைக்காத பெட்டி.

"தெற" என்றேன்.

"வேணாம்யா" என்றாள் கமலம்மா. தடுத்த மாதிரி இல்லை, கெஞ்சின மாதிரி இருந்தது.

"தெறடா."

பதினாலு திருகு. ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு டப்பா மூடியில் போட்டான். பின்மூடியைத் தூக்கினான். ஸ்பீக்கர் பக்கத்துப் பள்ளத்தில் விரலை விட்டு எதையோ தள்ளினான். சிரித்துவிட்டான்.

"அக்ஷிந்தலு தாத்தா!"

மஞ்சள் அரிசி. அட்சதை. கூடவே காய்ந்துபோன ஒரு சாமந்தி இதழ்.

"மேல காத்துப் போறதுக்கு ஓட்டை கீது பாருங்க. யாரோ போட்டது இதுவழியா உள்ள பூந்துட்டிருக்கு. தவில் வந்தா ஸ்பீக்கர் அதிரும், இதுங்க குதிக்கும். அவ்ளோதான்." அவனுக்குக் கும்மாளம். "டிவிக்கிப் பெள்ளி பண்ணி அனுப்பிச்சிருக்காரு தாத்தா உங்க பையன்! கல்யாணம் ஆன டிவி இது!"

நான் சிரிக்கவில்லை. நியூஸ் பேப்பரில் அந்த அரிசியைக் கொட்டினான். ஏழு.

ஒன்றை எடுத்து நகத்தால் மஞ்சளைச் சுரண்டினேன். இன்னொன்றையும் சுரண்டினேன்.

வீட்டுச் சாப்பாட்டுக்கென்று கால் ஏக்கரில் ஒரு குண்டு நெல் போடுகிறேன். மில்லில் ஒரே தீட்டல்தான். அதனால் அரிசியின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு நிற்கும். கடை அரிசியில் அந்தக் கோடு கிடையாது. நான் இதை விற்பதில்லை. சுரேஷ்பாபு வீட்டிலும் இது வேகாது. "கனமா கீது மாமா, எங்களுக்குச் சேராது" என்று மருமகள் பிரேமலதா எப்பவோ சொல்லிவிட்டாள்.

ஏழு அரிசியிலும் சிவப்புக் கோடு இருந்தது.

போன மாசம் கமலம்மா கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "கங்கம்மாவுக்குப் பொங்கல் வெக்கணும், நம்ம அரிசி ஒரு படி குடு" என்று கேட்டாள். சாமி காரியமாச்சே என்று நானே டிரம்மிலிருந்து அளந்தேன். உடைந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டேன். துணியில் முடிந்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் நானே தூக்கிக்கொண்டு போய்க் குடுத்தேன்.

கேசவன் என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. மளமளவென்று மூடியைப் போட்டு, டிவியை ஸ்டாண்டில் ஏற்றி, தவில் வைத்துக் காட்டினான். சுத்தமாக இருந்தது. கண்ணாடி மாதிரி.

"வரேன் தாத்தா. வடமாலபேட்டையில ஒரு வேலை கீது." குடுத்த காசை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

டிவியை அணைத்தேன்.

"கண் டாக்டரு பேரு இன்னா?"

கமலம்மா கட்டில் போர்வையை உதறி மடித்தாள்.

"ஆஸ்பத்திரி எந்தத் தெருவுல கீது?"

"கேக்காதய்யா."

"போனியா, போவலயா?"

"போவல."

"அந்தச் சொட்டு மருந்து?"

"சுரேஷு மெடிக்கல்ல வாங்கியாந்தான். எரிச்சலுக்கு யாரு வேணா வுட்டுக்கலாமாம். கெடுதல் இல்லன்னான்."

என் கையைப் பார்த்தேன். ஒரு மாசம். தினம் ரெண்டு வேளை. அவள் கண்ணில் கை பட்டுவிடக்கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்ட கை.

"சொல்லு. யாருக்குப் போட்ட அச்சதை?"

"ஹரிதாவுக்குத்தான். நிச்சயம் பண்ணிட்டாங்க."

"யாரோட?"

"மதனப்பள்ளிப் பையன். அவகூட வேலை செய்யறான். அவளே பாத்துக்கினா. ஹேமநாத்து கூடவே வளந்தவன், அண்ணன் மாதிரிதான் தோணுதுன்னுட்டா. ரெண்டு நாளு சோறு துன்னாம கெடந்தா அந்தப் பொண்ணு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வுட்டிருப்பியா?"

எனக்குப் பொய் வராது. "வுட்டிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். அரிசியில் கல் இருந்தது, பொறுக்கிவிட்டேன் என்பது மாதிரி.

"எத்தினி பேரு வந்தாங்க?"

"அம்பது, அறுவது பேரு."

"பொண்ணோட தாத்தன் எங்கன்னு ஒருத்தரும் கேக்கலயா?"

"கேட்டாங்க." முந்தானையை முறுக்கினாள். "கால் ஒடஞ்சி படுத்துக்கினு கீறாருன்னு சுரேஷு சொன்னான்."

குனிந்து என் காலைப் பார்த்தேன். ரெண்டும் இருந்தது. அன்றைக்கு இந்த ரெண்டு காலும் கயினிச் சேற்றில் நின்று தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு இருந்தது.

"நீ எடுத்தாந்தியே, ஆரஞ்சுப் பழம்? ஆஸ்பத்திரி வாசல்ல வித்தாங்கன்னியே?"

"மாப்பிள வூட்டாருங்க குடுத்தனுப்பினது. ஒன் காலு சீக்கிரம் கூடணும்னு."

நாலு பழம். நல்லா இனிக்குதுமே என்று சொல்லி நாலையும் நான்தான் துன்னேன்.

"டிவி ஏன் இங்க வந்துது?"

"பொண்ணு மாப்பிள போட்டோ ஓட வுடணும்னு புதுசா வாங்கி மாட்டினாங்க. அதுங்கீழதான் ரெண்டு பேரையும் ஒக்கார வெச்சது. எல்லாம் முடிஞ்சி சனங்க போனப்புறம், சுரேஷு அதையே பாத்துக்கினு நின்னான். இத நைனாவுக்கு அனுப்பிடறேன்மா, எனக்கு மனசு கேக்கலன்னான்."

"மனசு கேக்கலன்னா மனுசன் வருவான்மே. டிவி அனுப்பமாட்டான்."

கமலம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஏழு அரிசியும் எங்க ரெண்டு பேருக்கும் நடுவில் பேப்பரில் கிடந்தது.

"அரிசி மட்டும் நானா எடுத்துக்கினு போனது" என்றாள். "அவனுக்குக்கூடத் தெரியாது. நீ இல்லாம அந்தப் பொண்ணு ஒக்காரப் போவுது, ஒன் கை பட்ட அரிசியாச்சும் அவ தலையில விழட்டும்னு... எனக்கு வேற வழி தெரியலய்யா."

"என் அரிசிக்கு அழைப்பு. எனக்கு இல்ல."

அவள் அழ ஆரம்பித்தாள். மகன் ஏமாற்றினால் கோபம் வரும், அதை நான் முன்னேயே பார்த்திருக்கிறேன். இவள் ஏமாற்றினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. பழக்கம் இல்லை. கோபத்தைத் தேடிப் பார்த்தேன், வரவில்லை. மோட்டார் போட்டும் தண்ணீர் ஏறாத மாதிரி நெஞ்சு காய்ந்து கிடந்தது.

"பத்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சுரேஷே நெதானமா வந்து சொல்றேன்னான்."

"அவ இப்ப வந்துக்கினு கீறா. நாள் குறிக்க."

"இன்னிக்கி ஒண்ணும் சொல்லாதய்யா. ஒன் காலைப் புடிச்சிக்கறேன். கொஞ்சம் தள்ளிப் போடு. ஒடம்பு சரியில்ல, நாள் சரியில்ல, ஏதோ ஒண்ணு சொல்லு. ரெண்டு வாரம் போதும்."

"கால் ஒடஞ்சிடுச்சின்னு சொல்லட்டா?"

என் காலுக்கு நீட்டின கையை அவள் இழுத்துக்கொண்டாள்.

ஒரு மாசமாக என்னை வெளியில் நிற்க வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். இப்போ கதவைத் திறந்து, நீயும் உள்ளே வந்து எங்களோடு சேர்ந்து பொய் சொல்லு என்கிறார்கள். பத்மா என் மகள். இருபத்துநாலு வருசமாக என் ஒரு பேச்சை நம்பிக்கொண்டு, வந்த வரனையெல்லாம் திருப்பி அனுப்பியவள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பஸ் இல்லை, பைக்.

"நைனா!" பத்மாவின் குரல் அவளுக்கு முன்னால் உள்ளே வந்தது. "பஸ்ஸுக்கு நிக்கல. ஹேமநாத்து லீவு போட்டுட்டான், நானே இட்டுக்கினு போறேன்மான்னு. மாமன் மக விசயம்னா மட்டும் இவனுக்கு லீவு கெடைக்குது பாரு!"

தலையில் கொள்ளாத பூ. கையில் பழத்தட்டு, மேலே மஞ்சள் தடவிய கவர். ஜாதகமாக இருக்கும். தட்டை டிவி ஸ்டாண்டின் மேலேயே வைத்தாள்.

"அம்மா, இன்னா கண்ணு இப்பிடிச் செவந்து கீது? இன்னும் சரியாவலயா? நைனா, மருந்து வுட்டியா இல்லியா?"

"வுட்டேன்" என்றேன்.

கமலம்மா எனக்குப் பின்னால் நின்று, மகளுக்குத் தெரியாமல் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சின்னக் குழந்தை இழுக்கிற மாதிரி. நான் திரும்பவில்லை.

பேப்பரில் இருந்த அரிசியை வழித்து எடுத்தேன். பத்மாவின் கையைப் பிடித்து விரித்து, ஏழு அரிசியையும் உள்ளங்கையில் வைத்தேன்.

"இன்னா நைனா இது, அச்சதை? அதுக்குள்ளியா?" சிரித்தாள். அவளும் இந்த வீட்டுப் பெண்தானே. தானாக நகம் போய் ஒரு அரிசியைச் சுரண்டியது. "நம்ம கயினி அரிசி." இன்னொன்றைச் சுரண்டினாள். காய்ந்த மஞ்சள் உதிர்ந்தது. "இது பழசாச்சே நைனா. எப்பப் போட்டது? யாருக்கு?"

"ஒக்காரு பத்மா. நான் குடுத்த வாக்கு. நானே சொல்றேன்."

அவள் உட்காரவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்று அழுகிற அம்மாவைப் பார்த்தாள். விரல்கள் மெதுவாக மூடிக்கொண்டன.

வெளியே வேப்பமரத்தடியில் ஹேமநாத் பைக்கை நிறுத்தி, செருப்பைத் தட்டிக் கழற்றுகிற சத்தம்.

"தாத்தா!" என்று வாசலிலிருந்தே கேட்டான், சிரித்துக்கொண்டே. "டிவிய ரிப்பேர்க்காரன் தெறந்துட்டானாமே, தெருவுல சொன்னாங்க! உள்ள இன்னா இருந்துது?"